பிரமை பிடித்தவள் என்று சொல்லாதீர்கள்!

அடுப்பில் பால் பொங்கி, மேடை முழுக்க வழிந்து, தீய்ந்த வாடை கூடம் வரைக்கும் வந்துவிட்டது. நான் ஓடிப் போய்ப் பார்த்தால், அக்கா அடுப்புக்கு நேர் எதிரேதான் நிற்கிறாள். கண் திறந்திருக்கிறது. பார்வையும் பால் பாத்திரத்தின் மேல்தான் இருக்கிறது. ஆனால் அவள் பார்க்கவில்லை. "என்னக்கா, பால் பூரா போச்சே!" என்று நான் கத்தின பிறகு, தூக்கத்திலிருந்து எழுந்தவள் போல "ஆங்?" என்றாள்.

இது நடந்தது 2010-ஆம் வருஷம் ஆடி மாசம். அக்கா என்றால் என் பெரியம்மாவின் மகள். கும்பகோணம் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். ஆடிப்பெருக்குக்காகப் பிறந்த வீடு வந்திருந்தாள். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "என்னக்கா, அத்தான் ஞாபகமா?" என்று நான் கேலி வேறு செய்தேன். அத்தானின் ஞாபகம்தான். ஆனால் நான் நினைத்த மாதிரி ஞாபகம் இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் அந்தக் கேலியை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

புகுந்த வீட்டில் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'கல்லுப் பிள்ளையார்'. எது சொன்னாலும் அசையாமல் நிற்கிறாளாம், திமிராம். எங்கள் வீட்டில் கொஞ்சம் கருணையோடு 'பிரமை பிடிச்சவ மாதிரி ஆயிட்டா' என்றார்கள். ஒரு நாள் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் உள்ளங்கையை ஊன்றிவிட்டாள். கையை எடுக்கவே தோன்றவில்லை. பெண் குழந்தை பார்த்து அலறி, கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. சூடு பட்டது தெரியவே இல்லை என்று அக்கா சொன்னபோது பெரியம்மா பயந்து போய் யாரோ மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போய்த் தாயத்துக் கட்டினாள். அதற்குப் பிறகு திடீர் திடீரென்று விழ ஆரம்பித்தாள். கை கால் இழுக்கும், கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஒரு டாக்டர் காக்காய் வலிப்பு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஆறு மாசம் சாப்பிட்டாள். தூக்கம்தான் அதிகமாயிற்று, விழுவது நிற்கவில்லை.

கடைசியில் யாரோ சொல்லி ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குப் போனோம். துணைக்கு நானும் போயிருந்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா முதல் காரியமாக எங்கள் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். மாமியார் நகரவில்லை. "என் முன்னாலேயே கேளுங்க டாக்டர், எங்களுக்குள்ள ஒளிவு மறைவு கிடையாது" என்றார். "உங்களுக்கு இல்லைங்கம்மா, எனக்கு இருக்கு. பத்து நிமிஷம் வெளியில உட்காருங்க" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார்.

பத்து நிமிஷம் என்றது முக்கால் மணி நேரமாயிற்று. உள்ளே என்ன நடந்தது என்று அக்கா பிற்பாடு என்னிடம் சொன்னாள். டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "வீட்டுல உன்னை யாராவது அடிக்கிறாங்களாம்மா?" பதினோரு வருஷத்தில் அதை ஒருத்தரும் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அத்தான் குடிக்க மாட்டார், நல்ல உத்தியோகம், கோவில் காரியம் என்றால் முன்னால் நிற்பார். அப்படிப்பட்டவர் அடிப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

அக்கா சொன்ன பதில் இது. "அவர் பெல்ட்டைக் கழட்டுற சத்தம் கேட்டாலே நான் போயிடுவேன் டாக்டர். பரண் மேல உட்கார்ந்து பார்க்குற மாதிரி இருக்கும். கீழே எவளோ ஒருத்தி அடி வாங்குறா. பாவமா இருக்கும். ஆனா எனக்கு வலிக்காது. எப்ப முடிஞ்சுதுன்னும் தெரியாது. பார்த்தா விடிஞ்சிருக்கும், நான் வாசல் தெளிச்சுக்கிட்டு இருப்பேன்."

"நீ பைத்தியம் இல்லம்மா. உன் மனசு உன்னைக் காப்பாத்திக்கிட்டு இருக்கு" என்றாராம் டாக்டர். அக்கா அழுதது அதைக் கேட்டுத்தான்.

இதற்கு 'டிஸ்ஸோஸியேஷன்' என்று பெயர். மனவிலகல் என்று தமிழில் சொல்லலாம். உடம்பு இங்கே இருக்க, மனசு விலகிப் போய்விடுவது. பிரான்ஸ் தேசத்தைச் சேர்ந்த பியேர் ழானே என்பவர் 1889-லேயே இதைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறார். தாங்க முடியாத அனுபவம் வரும்போது மனசு அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளாமல் தனியாகப் பிரித்து வைத்துவிடுகிறது என்பது அவர் கண்டது. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னாலேயே கண்டது நம் வீட்டுக் கூடத்துக்கு இன்னும் வந்து சேரவில்லை, பாருங்கள்.

கொஞ்சமாக இது எல்லோருக்கும் உண்டு. பஸ்ஸில் யோசனையில் உட்கார்ந்திருப்போம், இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போயிருக்கும். கதைப் புத்தகம் படிக்கும்போது குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது. அதனால் ஒரு தோஷமும் இல்லை. கூப்பிட்டால் வந்துவிடுகிறோம். அடி வாங்குகிறவளுக்கு அப்படி இல்லை. அவள் நினைத்துப் போவதுமில்லை, நினைத்தால் வருவதுமில்லை.

ஏன் இப்படி? ஆபத்து வந்தால் எந்த ஜீவனும் ஒன்று எதிர்க்கும், இல்லையென்றால் ஓடும். எதிர்த்தால் இன்னும் இரண்டு அடி. ஓடலாம் என்றால் தொட்டிலில் குழந்தை, கையில் காசில்லை, ராத்திரி பதினோரு மணி. இரண்டு வழியும் அடைபட்ட பிறகு உடம்பு மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. அப்படியே உறைந்து, மரத்துப் போய்விடுகிறது. வலியைக் குறைக்கிற, அபினி போன்ற ஒரு வஸ்துவை மூளையே சுரந்து கொள்கிறது. அதனால்தான் அந்த நேரத்தில் அடி உறைப்பதில்லை. கரண்ட் ஏறி வந்தால் வீட்டில் பீஸ் போகிறதில்லையா, வயரும் சாமானும் எரியாமல் இருக்க? அந்த மாதிரிதான் என்று டாக்டரம்மா எங்களுக்குப் புரிய வைத்தார்.

சங்கடம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அடிக்கடி போன பீஸ், பிறகு மிக்ஸி போட்டாலே போகும். அக்காவுக்கு முதலில் பெல்ட் சத்தத்துக்கு மட்டும் வந்தது. அப்புறம் ஸ்கூட்டர் வாசலில் நிற்கிற சத்தம். அப்புறம் தாம்பாளம் கீழே விழுந்தாலும் வந்தது. அடிக்காத நாளிலும், அவர் ஊரில் இல்லாத நாளிலும், எங்கள் வீட்டு அடுப்படியில் பால் காய்ச்சும்போதும் வந்தது. வலி தெரியாமல் போவதற்காக வந்தது, தோசைக்கல் சூட்டையும் தெரியாமல் ஆக்கிவிட்டது. சந்தோஷத்தையும் சேர்த்துத்தான் கொண்டு போகிறது. பெண் ஓட்டப்பந்தயத்தில் பரிசு வாங்கி வந்தபோது, 'கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யார் குழந்தையோ நிக்குற மாதிரி இருந்துச்சுடி' என்றாள்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சிலருக்குத் தன் கையே தன் கை மாதிரி தெரியாது, கண்ணாடியில் முகம் அந்நியமாக இருக்கும். சிலருக்கு வீடு, தெரு எல்லாம் சினிமா பார்க்கிற மாதிரி நிஜமில்லாமல் தோன்றும். சிலருக்கு நடந்தது அடியோடு மறந்து போகும். உடம்பில் கன்றிப் போன தழும்பு இருக்கும், எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாது. அக்கா மாதிரி விழுகிறவர்களும் உண்டு. முன்னாளில் இதையெல்லாம் 'ஹிஸ்டீரியா' என்று ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். கிரேக்க பாஷையில் கர்ப்பப்பைக்கு உள்ள வார்த்தையிலிருந்து வந்த பெயராம் அது. இப்போது டாக்டர்கள் அந்தப் பெயரை விட்டுவிட்டார்கள். கல்யாணமாகாத பெண்ணுக்கு வந்தால் 'கல்யாணம் பண்ணி வெச்சா சரியாப் போயிடும்' என்று வைத்தியம் சொல்கிற பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். கல்யாணத்தால் வந்தவளுக்கு என்ன பண்ணுவதாக உத்தேசமோ!

இன்னொன்றையும் பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். வீட்டில் வாயே திறக்காத மருமகள், ஒரு வெள்ளிக்கிழமை ஆவேசம் வந்து மாமியாரை 'ஏய்' என்று அதட்டுவதையும், கணவனைக் காலில் விழச் சொல்வதையும் நாம் பார்த்திருக்கிறோம். சாமி வருகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. திருவிழாவில் பக்தியோடு ஆடுகிறவர்கள் வேறு. ஆனால் அவள் அறியாமல், அவளுக்கு இஷ்டமில்லாமல், வீட்டில் அடிக்கடி இப்படி வந்து அவதிப்படுகிறாள் என்றால், அதையும் இந்த மனவிலகல் வகையில்தான் மருத்துவர்கள் சேர்த்திருக்கிறார்கள். வேப்பிலை அடிப்பதற்கு முன்னால் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டால் தேவலை.

வலிப்பு விஷயத்தில் மட்டும் நாமாக முடிவு கட்டவே கூடாது. நிஜமான காக்காய் வலிப்பும் இருக்கலாம், இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். தலையில் வயர் வைத்து எடுக்கிற இ.இ.ஜி. பரிசோதனையும், விழும்போது பார்த்தவர்கள் சொல்லும் விவரமும் டாக்டருக்கு உதவும். (முடிந்தால் செல்போனில் படம் பிடித்துக் காட்டுங்கள்.) ஏற்கெனவே சாப்பிடும் வலிப்பு மாத்திரையை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. ரத்த சோகை, தைராய்டு, சர்க்கரை குறைவது இவற்றாலும் மயக்கமும் மந்தமும் வரும். அதையும் பார்த்துவிட வேண்டும்.

போலீஸ் ஸ்டேஷனில் நடந்தது

அக்காவைப் புகார் எழுதிக் கொடுக்க அழைத்துப் போனபோதுதான் இந்த நோயின் கொடுமை எனக்கு முழுசாகப் புரிந்தது. "எந்தத் தேதி அடிச்சாரு?" தெரியாது. "எதால அடிச்சாரு?" யோசித்துவிட்டு, "பெல்ட்டுன்னு நினைக்கிறேன்" என்றாள். எத்தனை மணி, யார் யார் இருந்தார்கள் என்று எது கேட்டாலும் முன்னுக்குப் பின்தான். ஆனால் அன்றைக்கு ரேடியோவில் என்ன பாட்டு ஓடியது, பரணில் பித்தளை அண்டாவுக்குப் பக்கத்தில் எத்தனை தூக்கு இருந்தது என்று மட்டும் அட்சரம் பிசகாமல் சொன்னாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. பால் கணக்கு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தாள். எழுதிக்கொண்டிருந்த பெண் போலீஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அழவே இல்லையேம்மா, நிஜமாத்தான் அடிச்சானா?" என்றார். அவரைக் குற்றம் சொல்வானேன், நானே ஒரு காலத்தில் அப்படித்தானே நினைத்திருப்பேன்.

பயம் உச்சத்தில் இருக்கும்போது மூளை நடந்ததை வரிசையாக எழுதி வைப்பதில்லை. துண்டு துண்டாகப் பதிகிறது. ஒரு சத்தம், ஒரு வாசனை, அண்டாவின் பளபளப்பு. முதல், நடு, கடைசி இருக்காது. அதனால் தேதி தெரியாமல், கண்ணீர் இல்லாமல் ஒரு பெண் சொன்னால் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. டாக்டரின் சீட்டும், பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட சத்தமும், குழந்தை சொன்னதும் அக்காவின் ஞாபகத்துக்கு ஈடு கொடுத்தன. இன்னொன்றும் கிடைத்தது. எங்கள் பெண்தான் அதைச் சொன்னது. வீட்டில் தொங்கிய மாதக் காலண்டரில் அக்கா சில தேதிகளுக்குக் கீழே பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாள். எதற்கு என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தால் ஒரு வருஷத்தில் 43 புள்ளி.

இப்படி ஏதாவது குறித்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தக் குறிப்பு அவன் கையில் கிடைக்கிற இடத்தில் இருக்கக் கூடாது. அம்மா வீட்டிலோ, நம்பிக்கையான சிநேகிதியிடமோ இருக்கட்டும்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை என்று நினைக்க வேண்டாம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 18 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 29 பேர் கணவன் கையால் உடல்ரீதியாகவோ பாலியல்ரீதியாகவோ கொடுமை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அந்தக் கணக்கு நூற்றுக்கு 38. அத்தனை பேருக்கும் மனசு இப்படி விலகிப் போகும் என்றில்லை. ஆனால் நம் தெருவில் 'மந்தம்' என்றும் 'திமிர்' என்றும் பெயர் வாங்கியிருக்கும் ஒருத்தி அதில் இருக்கலாம் அல்லவா?

அந்த நேரத்தில் என்ன செய்யலாம்?

உலுக்கக் கூடாது. கன்னத்தில் தட்டக் கூடாது. முகத்தில் சொம்புத் தண்ணீரை வீசுவது, மூக்கில் வெங்காயம் வைத்து அழுத்துவது, கையில் இரும்புச் சாவியைத் திணிப்பது எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பயந்து ஓடிப் போனவளை இன்னொரு தரம் பயமுறுத்துவதுதான் அது. பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். "இன்னைக்கு வெள்ளிக்கிழமை. நீ எங்க வீட்டுல இருக்கே. நான்தான் பக்கத்துல இருக்கேன், வேற யாரும் இல்லை" என்று சொல்லுங்கள். தொடுவதென்றால் கேட்டுவிட்டுத் தொடுங்கள். அடுப்பு எரிந்தால் முதலில் அணைத்துவிடுங்கள்.

தானே உணர்கிறவள் தானே செய்துகொள்ளவும் வழி இருக்கிறது. பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொண்டு, கண்ணில் படுகிற சாமான் ஐந்தை வாய்விட்டுப் பேர் சொல்வது, ஈயச் சொம்பில் குளிர்ந்த தண்ணீரைக் கையில் பிடித்துக்கொள்வது, எலுமிச்சம்பழத்தைக் கீறி முகர்வது, இப்படி. அக்காவுக்கு வேலை செய்தது புதுசாக அரைத்த காப்பிப்பொடி வாசனை. ஒரு சின்ன டப்பாவில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டு திரிவாள். பெருங்காயத்தையும் பார்த்தோம், அதில் தும்மல்தான் வந்தது!

ஆனால் இதெல்லாம் முதலுதவிதான். அடிக்கிறவனோடு ஒரே வீட்டில் இருக்கும் வரை மனசு திரும்பி வரத் துணியாது. அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு வரிசை சொல்கிறார். முதலில் பத்திரமான இடம். அதற்குப் பிறகுதான் பழசைப் பேசித் துக்கப்படுவது. அதற்கும் பிறகு மனுஷர்களோடு ஒட்டுதல். எங்கள் டாக்டரம்மாவும் ஏறக்குறைய அப்படித்தான் செய்தார். நடந்ததை எல்லாம் உடனே கொட்டிவிடச் சொல்லவில்லை. இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் மருந்து கொடுத்தார். மீதியெல்லாம் வாரா வாரம் பேச்சுதான். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை தானே வாங்கிப் போட்டுக்கொள்கிற காரியம் மட்டும் கூடவே கூடாது.

பத்திரமான இடத்துக்கு எங்கே போவது என்றால், 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அடிப்பது மட்டும் குற்றமில்லை. வாயால் வதைப்பது, செலவுக்குக் காசு தராமல் வாட்டுவது, படுக்கையறைக் கொடுமை எல்லாம் அதில் அடக்கம். அந்த வீடு அவள் பேரில் இல்லாவிட்டாலும் அங்கே வசிக்க அவளுக்கு உரிமை உண்டு. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு, வருமானம் கேட்க மாட்டார்கள். 181 என்ற எண் பெண்களுக்கான உதவிக்கு. 2022 அக்டோபரிலிருந்து மனநலத்துக்கென்று 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம். பேசின பிறகு போனில் அந்த எண்ணை அழித்துவிடுங்கள். கிளம்பப் போகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம். ஆபத்து அந்த நேரத்தில்தான் அதிகம். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ் புத்தகம், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இவற்றின் நகலை முன்கூட்டியே வேறு வீட்டில் கொடுத்து வைப்பது உத்தமம்.

குழந்தையைப் பற்றிச் சொல்ல மறந்தேனே. அக்காவின் பெண்ணுக்கு அப்போது ஒன்பது வயசு. 'வகுப்பில் கவனமே இல்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை' என்று டீச்சர் எழுதி அனுப்பியிருந்தார். காது டாக்டரிடம் காட்டினோம், காதில் ஒன்றும் இல்லை. கடைசியில் பார்த்தால், அம்மா பரண் மேல் ஏறிக்கொள்கிற நேரத்தில் பெண் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டு பெருக்கல் வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லுமாம். பதினேழாம் வாய்ப்பாடு வரைக்கும் சொல்லும். பெரியவர்கள் நமக்குள் நடப்பது குழந்தைக்குத் தெரியாது என்று நினைக்கிறோம். அடி படாத குழந்தையும் விலகிப் போகக் கற்றுக்கொள்கிறது. பள்ளிக்கூடத்தில் 'கனவு காண்கிறாள்' என்று புகார் வந்தால், திட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள், இளம் தாய்மார்களே. அம்மாவும் பெண்ணும் அந்த வீட்டை விட்டு வந்து, ஒரு பள்ளிக்கூட வருஷம் முடிவதற்குள் அந்தப் புகார் நின்றது. அக்காவுக்கு நாலைந்து வருஷம் பிடித்தது.

இப்போது அக்கா எங்கள் ஊரிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். பெண் வேலைக்குப் போகிறது. இன்னமும் தெருவில் யாராவது பெரிதாகச் சத்தம் போட்டால் அவள் முகம் ஒரு கணம் கல்லாகும். பாதத்தை ஊன்றிக்கொள்வதை நான் பார்ப்பேன். வந்துவிடுவாள்.

இதை எழுதலாமா என்று கேட்கப் போனபோது காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். பேரைப் போடாமல் எழுது என்றாள். பேசிக்கொண்டே இருந்ததில் அன்றைக்கும் பால் பொங்கிவிட்டது. சட்டென்று அடுப்பை அணைத்துவிட்டு, "பேச்சு சுவாரஸ்யத்துல விட்டுட்டேன்டி. துணியை எடு" என்றாள். இரண்டு பேருமாக மேடையைத் துடைத்தோம்.